கிரேடியன்ட் 28தான், ஆனால் வால்வுப் பரப்பு 0.7: அம்மாவுக்கு இது சிவியரா, இல்லையா?

வைகைக்கரை | திங்கள், இரவு 9.40

அம்மாவுக்கு 76 வயது, மதுரையில் எங்களோடுதான் இருக்கிறார். ஆறு மாதமாக மாடிப்படி ஏறும்போது பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். முட்டிவலி என்று அவரும் சொன்னார், நாங்களும் நம்பினோம். போன மாதம் ஒருநாள் காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து கேட்டில் சாய்ந்துவிட்டார். பாதிப் புள்ளிகள் இணைக்காமலே கிடந்தன. அதற்குப் பிறகுதான் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தோம்.

ரிப்போர்ட்டில் இருப்பது: இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வாசலில் இருக்கும் அயோர்ட்டிக் வால்வில் கால்சியம் படிந்து தடித்திருக்கிறது, வால்வு திறக்கும் பரப்பு 0.7 சதுர செ.மீ., சராசரி கிரேடியன்ட் (வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்) 28, ரத்தம் பாயும் உச்ச வேகம் நொடிக்கு 3.4 மீட்டர், ஈ.எஃப். (இதயம் ஒரு துடிப்பில் உள்ளறை ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்பது) 62 சதவீதம்.

முதல் டாக்டர், கிரேடியன்ட் 40 வந்தால்தான் வால்வுச் சுருக்கம் சிவியர் (கடுமையானது), ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். இரண்டாவது டாக்டர் அதே தாளைப் பார்த்துவிட்டு, பரப்பு ஒன்றுக்குக் கீழே போய்விட்டது, இது சிவியர்தான், வால்வை மாற்றியாக வேண்டும் என்கிறார். ஒரே ரிப்போர்ட்டுக்கு இரண்டு பதில். யாரை நம்புவது? இந்த வழியாகப் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பவானி_கரையோரம் | திங்கள், இரவு 10.15

ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம் சகோதரி. மயக்கம் வந்த பிறகு காத்திருப்பது சரியில்லை. இன்னொன்று, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுக்குகிறது என்று யாராவது சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கடியில் வைக்கச் சொன்னால், இந்த வால்வு விஷயத்தை டாக்டரிடம் சொல்லாமல் வைத்துவிடாதீர்கள். சுருங்கிய வால்வு உள்ளவர்களுக்கு அதனால் பி.பி. சட்டென்று இறங்கிவிடலாம். என் மாமியாருக்கு அப்படி ஆகி இரவோடு இரவாக ஓடினோம்.

எக்கோ_செல்வி | செவ்வாய், காலை 6.50

நான் எக்கோ எடுப்பவள், பதினோரு வருடமாக இதே வேலை. யார் சொல்வது சரி என்று என்னால் சொல்ல முடியாது, அது டாக்டர் வேலை. ஆனால் அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று சொல்கிறேன். பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

கிரேடியன்ட்டை மிஷின் நேராக அளப்பதில்லை. ரத்தம் பாயும் வேகத்தை அளந்து, அதைத் தன்னாலேயே பெருக்கி, நான்கால் பெருக்குகிறது. வேகம் 4 என்றால் உச்ச கிரேடியன்ட் 64. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து அளந்துவிட்டால் கிரேடியன்ட் நிறையவே குறைந்துவிடும். ரத்தம் பீறிடும் திசைக்கு நேராக ப்ரோபைப் பிடித்தால்தான் முழு வேகம் கிடைக்கும். இடது மார்புக்குக் கீழே வைத்துப் பார்த்தால் போதும் என்று நிறையப் பேர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வயதானவர்களுக்குப் பெருந்தமனி வளைந்திருக்கும், அங்கிருந்து திசை சரியாக வராது. வலது பக்கமாகப் புரண்டு படுக்கச் சொல்லி, மார்பெலும்புக்கு வலது ஓரத்தில் இரண்டாம் மூன்றாம் விலா இடுக்கில், பேனா மாதிரி இருக்கும் சின்ன ப்ரோபை வைத்துத் தேட வேண்டும். படம் எதுவும் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் பிடிக்கணும். கரகரப்பு போய் ஒரு மெல்லிய சீழ்க்கை மாதிரிக் கேட்கும் இடம் ஒன்று உண்டு, அங்கேதான் உச்ச வேகம். 3.4 என்று எழுதியிருந்த ஒரு பாட்டிக்கு அந்த இடத்தில் 4.1 கிடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு வலது பக்கம் புரட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்து பரப்பு. வால்வுக்குக் கீழே ரத்தம் வெளியேறும் வாசலை எல்.வி.ஓ.டி. என்போம். அதன் விட்டத்தை அளந்து, அதையும் தன்னாலேயே பெருக்கித்தான் கணக்குப் போடுகிறோம். உங்கள் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் விட்டம் 1.8 செ.மீ. என்று இருக்கலாம். அதே படத்தில் 2.0 என்று அளந்திருந்தால் 0.69 வந்த பரப்பு 0.85 ஆகிவிடும். இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இன்னொரு முக்கியமான எண்ணும் இதோடு சேர்ந்து மாறும்: ஒரு துடிப்பில் வெளியே போகிற ரத்தம், உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்பது. அது 35 மி.லி.க்குக் கீழே இருந்தால் ஓட்டம் குறைவு என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் எஸ்.வி. இண்டெக்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.

கடைசியாக, எக்கோ எடுத்த நேரத்தில் பி.பி. எவ்வளவு? தாளின் மேலே எழுதியிருக்கணும். எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம், எனக்கு இதில் ரொம்ப வருத்தம்.

வைகைக்கரை | செவ்வாய், மதியம் 1.20

அக்கா, நீங்கள் சொன்ன பிறகுதான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். விட்டம் 1.8. எஸ்.வி. இண்டெக்ஸ் 33. பி.பி. தாளில் இல்லை, ஆனால் அன்றைக்கு ஓ.பி. சீட்டில் 178/90 என்று இருக்கிறது. வலது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார்களா என்று அம்மாவிடம் கேட்டேன், இல்லையாம். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டதாம்.

நெல்லை_இதயம் | செவ்வாய், இரவு 11.05

இதய மருத்துவராக இருக்கிறேன். நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன், ஆனால் இந்த இரண்டு பதிலும் ஏன் வந்தன என்று விளக்க முடியும். செல்வி சொன்னது ஒவ்வொன்றும் சரி. அந்த 178/90 ரொம்ப முக்கியமான தகவல். வெளியே அழுத்தம் அதிகமாக இருக்கும்போது இதயம் வால்வோடும் மல்லுக்கட்டுகிறது, பி.பி.யோடும் மல்லுக்கட்டுகிறது. அப்போது ஓட்டம் குறையும், கிரேடியன்ட்டும் குறைந்து தெரியும். பி.பி.யைக் கட்டுக்குள் கொண்டுவந்து மறுபடி எடுக்க வேண்டும். முதல் வேலை அதுதான்.

தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் முக்கால்வாசி அடைத்துப் பாருங்கள். மேல்தொட்டி நிறைய இருந்தால் தண்ணீர் சுவர்வரை பீய்ச்சும். தொட்டியில் அடிமட்டத்தில்தான் தண்ணீர் என்றால் காலடியிலேயே விழும். விரல் அடைத்திருப்பது இரண்டிலும் ஒரே அளவுதான். கிரேடியன்ட் என்பது பீய்ச்சும் வேகம். அது குறைவாக இருக்கிறது என்பதற்காக அடைப்பு குறைவு என்று சொல்லிவிட முடியாது, ஓட்டம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் சொல்லணும். நம் ஊரில் மட்டுமில்லை, எங்கேயும் தாமதமாவது இந்த இடத்தில்தான்.

வேகம் 4, சராசரி கிரேடியன்ட் 40, இதில் ஒன்று தாண்டினாலும் சிவியர். அங்கே விவாதமே இல்லை. பரப்பு ஒன்றுக்குக் கீழே, ஆனால் கிரேடியன்ட் 40க்குக் கீழே என்னும்போதுதான் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஈ.எஃப். 50க்குக் கீழே விழுந்து, தசை பலவீனத்தால் ஓட்டம் குறைந்திருப்பது ஒரு வகை. ஈ.எஃப். நன்றாகவே இருந்தும் ஓட்டம் குறைவாக இருப்பது இன்னொரு வகை, அம்மாவின் ரிப்போர்ட் இதைத்தான் காட்டுகிறது. கனடாவின் கியூபெக் நகர ஆய்வாளர்கள் 2007-ல் இதைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். பெரும்பாலும் வயதான பெண்கள், பல வருட பி.பி., இதயச் சுவர் தடித்து உள்ளறை சின்னதாகிவிட்டிருக்கும். சின்னக் குவளையில் 62 சதவீதத்தைக் கவிழ்த்தாலும் வெளியே வருவது கொஞ்சம்தானே. அதனால்தான் ஈ.எஃப். 62 என்றதும் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. மூன்றாவதாக, ஓட்டம் 35க்கு மேல் சரியாக இருந்தும் எண்கள் முரண்படுகிறவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு உண்மையில் மிதமான சுருக்கம்தான், அல்லது அளவில் பிழை. பரப்பு 1.0 என்றால் சாதாரண ஓட்டத்தில் கிரேடியன்ட் 30 முதல் 35க்குள்தான் வரும், 40 வராது. வரையறையிலேயே இருக்கிற இடைவெளி அது.

மறு எக்கோவிலும் இதே குழப்பம் இருந்தால் சி.டி. ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர் எடுக்கலாம். மருந்து ஏற்ற வேண்டாம், சில நிமிடம்தான். ஓட்டம், பி.பி. எதையும் சாராமல் வால்வில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிடும். பெண்களுக்கு 1200க்கு மேல் போனால் சிவியராக இருக்க வாய்ப்பு அதிகம், 1600க்கு மேல் என்றால் ஏறத்தாழ உறுதி. ஆண்களுக்கு 2000, 3000. பெண்களுக்குக் குறைவான கால்சியத்திலேயே வால்வு இறுகிவிடும், அதனால் ஆண்களின் அளவை அவர்களுக்கு வைத்துப் பார்க்கக் கூடாது. ஒன்று மட்டும், ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட வால்வுக்கு இந்த அளவுகள் பொருந்தாது. அங்கே கால்சியத்தைவிட தழும்புதான் அதிகம்.

சேலத்து_மகன் | புதன், காலை 8.30

அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 71 வயது, ஈ.எஃப். 28. பரப்பு 0.8, கிரேடியன்ட் 22. ஒரு மருத்துவமனையில், இதயம் வீங்கிவிட்டது, வால்வு காரணமில்லை, மாத்திரைதான் என்று எட்டு மாதம் வைத்திருந்தார்கள். மூன்று தடவை தண்ணீர் கோத்து அட்மிட் ஆனார். இரவில் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குவார், தலையணை மூன்று அடுக்கி முதுகுக்கு வைப்போம். வேறு இடத்துக்குப் போனபோதுதான் அங்கே டோபுட்டமின் எக்கோ செய்தார்கள். இதயத் துடிப்பை வலுவாக்கும் அந்த மருந்து கையில் ஊசி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், ஒவ்வொரு கட்டத்திலும் எக்கோ. அப்பாவுக்குக் கிரேடியன்ட் 22லிருந்து 43க்குப் போனது, பரப்பு அதே 0.8தான். டாக்டர் திரையைத் திருப்பி எங்களுக்கே காட்டினார். பன்னிரண்டு நாளில் டாவி (மார்பைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு வைப்பது) செய்தோம். இப்போது ஈ.எஃப். 45. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்னும் தாங்கவில்லை.

நெல்லை_இதயம் | புதன், இரவு 10.20

தம்பி, உங்கள் அப்பாவுக்குச் செய்ததுதான் சரியான சோதனை. மருந்தில் ஓட்டம் கூடும்போது பரப்பு ஒன்றைத் தாண்டாமல் கிரேடியன்ட் 40க்கு ஏறினால் வால்வு உண்மையிலேயே இறுகியிருக்கிறது. பரப்பு திறந்து கிரேடியன்ட் அப்படியே நின்றால், வால்வு மிதமாகத்தான் கெட்டிருக்கிறது, பலவீனமான இதயத்தால் அதை முழுதாகத் திறக்க முடியவில்லை. அதைப் பொய்ச் சிவியர் என்போம். அவர்களுக்கு வால்வை அவசரமாக மாற்றிப் பலனில்லை, இதயச் செயலிழப்புக்கான மருந்துகளை முழு அளவில் கொடுக்க வேண்டும். மிதமான சுருக்கமும் பலவீனமான இதயமும் உள்ளவர்களுக்கு டாவி செய்து பார்த்த ஆய்வு ஒன்றின் முடிவு 2024-ல் வந்தது. முக்கியமான அளவுகோலில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. அதனால் இந்தப் பிரிப்பு வெறும் பெயர் வைக்கும் வேலை இல்லை, சிகிச்சையே மாறிவிடுகிறது.

சிலருக்கு மருந்து கொடுத்தும் ஓட்டம் 20 சதவீதம்கூட உயராது. முன்பெல்லாம் இவர்களுக்கு ஆபரேஷன் தாங்காது என்று கைவிட்டுவிடுவார்கள். இப்போது அப்படி இல்லை. கால்சியம் ஸ்கோர் எடுத்து, வால்வு சிவியர் என்று தெரிந்தால் டாவி செய்கிறோம், அவர்களிலும் பலருக்கு இதயம் தேறுகிறது. டோபுட்டமினில் தசை பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பல்லாவரம்_ரவி | வியாழன், காலை 7.15

சார், எனக்கு நேர்மாறான பிரச்சினை. வயது 68, தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. கிரேடியன்ட் 52, வேகம் 4.6. ஒன்றுமே இல்லாதவனுக்கு எதற்கு வால்வு மாற்றம்?

நெல்லை_இதயம் | வியாழன், இரவு 9.50

உங்களுடையது தெளிவான சிவியர், அறிகுறி மட்டும் இல்லை. முதலில் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் டாக்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தொந்தரவு இல்லை என்று சொல்பவர்கள் சிலர் நான்கே நிமிடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுவார்கள், பி.பி. ஏறுவதற்குப் பதில் இறங்கும். தெரியாமலேயே நடையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அறிகுறி இருந்தும் வால்வை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பது 2010-லேயே தெரிந்துவிட்டது: ஆபரேஷன் தாங்காதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட 358 பேரில், மருந்தோடு நின்றவர்களில் 50.7 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்தார்கள், டாவி செய்தவர்களில் 30.7 சதவீதம்.

உங்களைப் போல அறிகுறி இல்லாதவர்கள் 901 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு 2024 அக்டோபரில் வெளியானது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள். உடனே டாவி செய்தவர்களில் 26.8 சதவீதம் பேருக்கும், காத்திருந்தவர்களில் 45.3 சதவீதம் பேருக்கும் மரணம், பக்கவாதம், எதிர்பாராமல் இதயத்துக்காக அட்மிட் ஆவது, இதில் ஏதோ ஒன்று நடந்தது. வித்தியாசம் பெரும்பாலும் அட்மிட் ஆவதில்தான், மரணத்தில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காத்திருந்தவர்களில் 87 சதவீதம் பேருக்கு அந்த ஆய்வுக்காலத்திலேயே வால்வை மாற்ற வேண்டி வந்தது. எப்படியும் வரப்போகிறது, நல்ல உடம்போடு இருக்கும்போது செய்வதா, மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் வந்து செய்வதா என்பதுதான் கேள்வி. ஸ்டாட்டின் மாத்திரை வால்வுச் சுருக்கத்தைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், 2008-ல் வந்த பெரிய ஆய்விலேயே அது பலிக்கவில்லை. கொலஸ்ட்ராலுக்காக எழுதியிருந்தால் அதற்காகத் தொடருங்கள்.

நாகர்கோவில்_மணி | வெள்ளி, மாலை 5.40

எல்லோரும் டாவி டாவி என்கிறீர்கள், என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிறவியிலேயே வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான். 41 வயதில் முழுதாக இறுகிவிட்டது. மார்பைத் திறந்து சித்ரா வால்வு வைத்தார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்திய வால்வு அது. வெளிநாட்டு வால்வுக்குப் பணம் புரட்ட முடியாத என் மாதிரி ஆட்களை வாழவைத்தது. வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. ராத்திரி அமைதியில் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும், மனைவிக்கும் கேட்கும். சத்தம் பழகிவிட்டது. ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை ஆயுள் முழுக்க, அது சரியான அளவில் வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். ரத்தச் சோதனை. ஒருமுறை கல்யாண வீட்டு அலைச்சலில் நான்கு நாள் மாத்திரையை விட்டுவிட்டு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வால்வில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. இளவயதில் வால்வு மாற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசித்து முடிவெடுங்கள்.

நெல்லை_இதயம் | வெள்ளி, இரவு 11.30

மணி அண்ணன் சொன்னதை எல்லோரும் படிக்க வேண்டும். 41 வயதில் திசு வால்வு வைத்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துபோகும், மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். அதனால் இளையவர்களுக்கு ஆபரேஷனும் உலோக வால்வும் இன்னும் நல்ல வழிதான். இரண்டு இதழ் வால்வு என்றால் பெருந்தமனியும் விரிந்திருக்கலாம், 4.5 செ.மீ. ஆகிவிட்டால் வால்வு ஆபரேஷனோடு அதையும் சரிசெய்யலாம். அது டாவியில் முடியாது. வயது விஷயத்தில் அமெரிக்க வழிகாட்டுதல் 65க்குக் கீழே ஆபரேஷன், 80க்கு மேல் டாவி, நடுவில் பேசி முடிவெடுங்கள் என்கிறது. ஐரோப்பியர்கள் 75 என்று வைத்திருந்த டாவி எல்லையை 2025-ல் 70 ஆக்கிவிட்டார்கள்.

2002 ஏப்ரலில் பிரான்ஸின் ரூவான் நகரில் அலான் கிரிபியே முதல் டாவி செய்தபோது அந்த நோயாளிக்கு 57 வயது. எந்த அறுவை மருத்துவரும் தொட முடியாத நிலையில் இருந்தார். அங்கே தொடங்கியது இன்று நம் நாட்டிலேயே, குஜராத் வாபியில், டாவி வால்வு தயாரிக்கும் அளவுக்கு வந்திருக்கிறது. இருந்தாலும் வால்வின் விலையே பல லட்சம். குடும்பங்கள் அதனால் தள்ளிப்போடுவதைத் தினமும் பார்க்கிறேன். பணம்தான் தடை என்றால் ஆபரேஷன் பற்றிக் கேளுங்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வைகைக்கரை | 16 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 4.10

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கு உதவும்.

பி.பி. மாத்திரையைச் சரிசெய்து பத்து நாள் கழித்து மறு எக்கோ. அன்றைக்கு பி.பி. 134/80, நானே தாளின் மேலே எழுதச் சொன்னேன். வலது பக்கம் புரண்டு படுக்க வைத்துப் பேனா ப்ரோபில் பார்த்தார்கள், முக்கால் மணி நேரம் ஆனது. வேகம் 3.8, சராசரி கிரேடியன்ட் 35. விட்டம் அதே 1.8. பரப்பு 0.7க்கும் கொஞ்சம் கீழே. எஸ்.வி. இண்டெக்ஸ் 34. இன்னும் 40 தொடவில்லை, அதனால் கால்சியம் ஸ்கோர் எடுத்தோம். 1740.

டாக்டர் வேறொரு கேள்வியும் கேட்டார், இரண்டு கையிலும் மரமரப்பு உண்டா, மணிக்கட்டு ஆபரேஷன் ஏதும் செய்ததா என்று. அம்மாவுக்கு இரண்டு வருடமாக விரல்கள் மரத்துப்போகும், வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அமிலாய்டு என்ற புரதம் மணிக்கட்டில் படிந்தால் விரல்கள் மரத்துப்போகுமாம், அதுவே இதயத் தசையில் படிந்தாலும் இப்படிச் சுவர் தடித்து ஓட்டம் குறையுமாம், டாவிக்கு வருகிற வயதானவர்களில் ஏழெட்டுப் பேருக்கு ஒருவருக்கு அது கூடவே இருக்கிறதாம். அதற்கு எலும்பு ஸ்கேன் மாதிரி ஒன்றும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். அமிலாய்டு இல்லை. இருந்திருந்தாலும் வால்வை மாற்றத்தான் சொல்லியிருப்பேன், கூடவே அதற்கும் மருந்து தொடங்கியிருப்பேன் என்றார்.

முடிவு: சிவியர்தான், ஓட்டம் குறைந்த வகை. 76 வயது, இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய்களில் அடைப்பு இல்லை, தொடை ரத்தக்குழாய் நன்றாக இருக்கிறது, அதனால் டாவி. அம்மாவின் வால்வு வளையம் சின்னது. வளையம் சின்னதாக இருந்தால் தானாக விரியும் வகை வால்வில் கிரேடியன்ட் குறைவாக இருக்கும் என்று 2024-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது, அதனால் அதைத்தான் யோசிக்கிறோம் என்றார்கள். பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு உண்டு என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அடுத்த வியாழன் தேதி.

அம்மா கேட்ட ஒரே கேள்வி, கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறதே, அதை எப்போது பிடுங்குவது என்று. யாரும் அதைப் பற்றி இதுவரை சொல்லவில்லை.

நெல்லை_இதயம் | ஞாயிறு, இரவு 8.45

அம்மா சரியான கேள்வி கேட்டிருக்கிறார். நாளைக்கே பல் டாக்டரிடம் காட்டுங்கள். புது வால்வு வைப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுவதுதான் நல்லது. பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டிக்கொண்டால் குணப்படுத்துவது மிகவும் கஷ்டம். சீழ் ஏதும் இருந்தால் ஆறவிட்டு வியாழனைத் தள்ளிப்போடச் சொல்வார்கள், அதற்குச் சம்மதியுங்கள். வால்வு வைத்த பிறகு ஈறில் ரத்தம் வரும் எந்தப் பல் வேலைக்கும் முன்னால் ஆன்டிபயாடிக் ஒரு டோஸ், ஆயுள் முழுக்க.

எக்கோ_செல்வி | ஞாயிறு, இரவு 9.05

டாவி முடிந்து வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு எக்கோ எடுப்பார்கள், பிறகு ஒரு மாதத்தில் இன்னொன்று. அந்த இரண்டு ரிப்போர்ட்டையும், படத்தோடு டிஸ்க்கில் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வால்வு கெடுகிறதா என்று பார்க்க அதோடுதான் ஒப்பிடுவோம். அன்றைக்கும் பி.பி.யை எழுதச் சொல்லுங்கள்.